விசை அழுத்தத்தைப் பிடிக்க: கீகோடா, கீயா, கோடா, இன்புட்டா?

ஒரு சிறிய நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்து வாங்கும் இணையப் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். உறுப்பினர் பெயரைத் தமிழில் தட்டித் தேட வேண்டும். அப்புறம் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு லேபிளிலும் சிறிய ஆங்கில எழுத்தில் ‘பி’, ‘கே’, அதன் பின்னால் நான்கு இலக்கம். கொடுத்த மூன்றாம் நாளே போன் வந்தது. “சார், ஸ்கேன் பண்ணினா புத்தகமே இல்லைன்னு சொல்லுது. பெட்டியில ஏதோ ஙம-ன்னு வருது.”

ஙம1042. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் புரிந்தது. பார்கோடு ஸ்கேனர் என்பது கணினியைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டு. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. இந்த இடத்தில் இருக்கும் விசை அழுத்தப்பட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. அதை எழுத்தாக்குவது அந்த நேரத்தில் கணினியில் எந்த லேயவுட், அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு, இருக்கிறதோ அது. தமிழ்99 என்ற தமிழ் லேயவுட்டில் ‘பி’ இருக்கும் இடத்தில் ங, ‘கே’ இருக்கும் இடத்தில் ம. உறுப்பினர் பெயரைத் தமிழில் தட்டிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றாமல் ஸ்கேன் செய்தால் ஙம வராமல் வேறென்ன வரும்? நான் போய்ப் பார்ப்பதற்குள் மானிட்டர் ஓரத்தில் ‘ஸ்கேன் செய்யும் முன் இங்கிலீஷுக்கு மாற்றவும்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் எந்த விசை அழுத்தப்பட்டது என்று கண்டுபிடிக்க நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கேட்கிறவர் மனதில் இருப்பது மூன்று கேள்விகளில் ஒன்று: எந்த இடத்து விசை? அந்த விசைக்கு இப்போது என்ன பொருள்? பெட்டியில் இருந்த எழுத்து என்ன ஆயிற்று? இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் பழைய வழிகள் எல்லாம் அத்தனை தொல்லை கொடுத்தன.

முதலில் எந்த ஈவென்ட்டை, அதாவது பிரவுசர் அனுப்பும் எந்த அறிவிப்பை, கேட்பது என்பதை முடித்துவிடலாம், இதில் பெரிய யோசனை இல்லை. விசை கீழே போகும்போது ‘கீடவுன்’, மேலே வரும்போது ‘கீஅப்’, நடுவில் எழுத்து விழும் விசைகளுக்கு மட்டும் ‘கீபிரஸ்’. மூன்றாவதைத் தொடாதீர்கள். தரநிலையிலேயே காலாவதி என்று குறித்துவிட்டார்கள். எஸ்கேப், அம்புக்குறி விசைகளுக்கெல்லாம் அது வராது. பழைய பயர்பாக்ஸில் மட்டும் வந்துகொண்டிருந்தது, 2019-இல் வெளியான 65-ஆம் பதிப்போடு அதுவும் நின்றுபோனது. ‘கீஅப்’ தேவைப்படுவது விளையாட்டு மாதிரி, விசையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று தெரிய வேண்டிய இடங்களில். அதிலும் ஒரு கோளாறு உண்டு. விசையைப் பிடித்தபடி வேறு ஜன்னலுக்குப் போய்விட்டால் ‘கீஅப்’ நம் பக்கத்துக்கு வந்து சேராது, திரும்பி வந்து பார்த்தால் ஹீரோ தானாகச் சுவரில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். ஜன்னல் ‘பிளர்’ ஆனதும், அதாவது பயனர் அதை விட்டு வேறிடம் போனதும், அழுத்திய விசைகளின் பட்டியலைத் துடைத்துவிட வேண்டும். மேக்கில் இன்னொன்று: கமாண்ட் விசையைப் பிடித்தபடி வேறொரு விசையைத் தட்டினால், அந்த இரண்டாவது விசைக்கு ‘கீஅப்’ வராது. ஆக, மற்ற எல்லாவற்றுக்கும் ‘கீடவுன்’. விசையை அழுத்திப் பிடித்தால் அது திரும்பத் திரும்ப வரும். ஒரு முறை மட்டும் போதும் என்றால் ஈவென்ட்டோடு வரும் ‘ரிப்பீட்’ என்ற குணத்தைப் பார்த்துத் தள்ளிவிடலாம்.

சரி, ஈவென்ட் கையில் வந்துவிட்டது. அதனிடம் என்ன கேட்பது?

பலருக்கும் விரலே பழகிப்போன பதில் ‘கீகோட்’. 13 என்றால் என்ட்டர், 27 எஸ்கேப், 37 முதல் 40 வரை அம்புக்குறிகள். இந்த எண்கள் விண்டோஸ் தன் உள்வேலைக்கு வைத்திருந்த விசை எண்களிலிருந்து வந்தவை. பிரவுசர்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டன. யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தது இல்லை, அந்தக் குழப்பம் இன்றும் தெரியும். அரைப்புள்ளி விசை குரோமில் 186, பயர்பாக்ஸில் 59. கழித்தல் குறி ஒன்றில் 189, மற்றதில் 173. இதை விடக் கொடுமை, ஒரே எண்ணுக்கு ஈவென்ட்டைப் பொறுத்து அர்த்தம் மாறும். ‘கீடவுன்’-இல் 39 என்றால் வலது அம்புக்குறி. ‘கீபிரஸ்’-இல் அதே 39 ஒற்றை மேற்கோள் குறி. பெட்டியில் மேற்கோள் குறி போடப் போனால் கர்சர் நகர்கிற பக்கங்களைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். ‘விச்’ என்பதும் இதே குடும்பம். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு அதைச் சமப்படுத்திக் கொடுத்ததால் ரொம்ப நாள் பிழைத்தது.

இரண்டும் காலாவதியானவைதான், ஆனாலும் பிரவுசர்கள் எடுத்துவிடப் போவதில்லை. எடுத்தால் பாதி இணையம் நின்றுவிடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பக்கத்தில் 13, 27 இருந்தால் அதற்காக மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். புதிதாக எழுதும்போது போடாமல் இருந்தால் போதும். ஒரே ஒரு எண்ணைத் தவிர. 229. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘கீ’ என்ற குணம் எண்ணுக்குப் பதில் பெயரைத் தருகிறது. ‘என்ட்டர்’, ‘எஸ்கேப்’, ‘ஆரோலெஃப்ட்’ என்று வார்த்தையாகவே வரும், எழுத்து விழும் விசை என்றால் அந்த எழுத்தே வரும். குரோமில் 2016-இல் 51-ஆம் பதிப்பிலும், சஃபாரியில் 2017-இல் 10.1-இலும் வந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் ‘எஸ்க்’, ‘லெஃப்ட்’, ‘ஸ்பேஸ்பார்’ என்று தனக்கென்று பெயர்கள் வைத்துக்கொண்டிருந்தது. அதையும் 2022-இல் மைக்ரோசாஃப்ட் வழியனுப்பிவிட்டது. இடைவெளி விசைக்கு வருவது ‘ஸ்பேஸ்’ என்ற சொல் கிடையாது, வெறும் ஒரு இடைவெளி எழுத்து. இதில் நான் ஒரு மாலை முழுக்க இழந்திருக்கிறேன்.

‘கீ’-இன் பலம் என்னவென்றால், பயனர் என்ன செய்ய நினைத்தார் என்பதை அது சொல்கிறது. உதவிப் பெட்டியைத் திறக்கக் கேள்விக்குறி விசை என்று வைத்திருக்கிறீர்கள் என்போம். நம் ஊர் கீபோர்டில் ஷிஃப்ட்டோடு சாய்கோட்டு விசை. ஜெர்மன் கீபோர்டில் கேள்விக்குறி இருப்பதே வேறு இடம், பூஜ்யத்துக்கு அடுத்து, நமக்குக் கழித்தல் குறி இருக்கும் இடத்தில். ‘கீ’-ஐக் கேட்டால் இரண்டு ஊரிலும் கேள்விக்குறி என்றே வரும். இடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஜெர்மனியில் உதவி கிடைத்திருக்காது. ஒரு சின்ன முன்னெச்சரிக்கை: கேப்ஸ்லாக் போட்டிருந்தால் பெரிய எழுத்து வரும், அதனால் ஒப்பிடும் முன் சிறிய எழுத்தாக்கிக்கொள்ளுங்கள்.

‘கோட்’ இதற்கு நேர் எதிர்த்திசை. அதற்கு லேயவுட்டே தெரியாது. அமெரிக்க கீபோர்டில் அந்த இடத்தில் என்ன இருக்குமோ அதன் பெயரைச் சொல்லும்: ‘கீ-ஏ’, ‘டிஜிட்-1’, ‘ஷிஃப்ட்-லெஃப்ட்’. எந்த மொழியில் தட்டினாலும், கேப்ஸ்லாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில். விளையாட்டுக்கு இதுதான். இடது கையின் மூன்று விரல்கள் படிந்திருக்கும் அந்த நான்கு விசைகளை, டபிள்யூ-ஏ-எஸ்-டி என்கிறோமே, அவற்றை எழுத்தாகக் கேட்டால் பிரெஞ்சுக்காரர் விரல் முறுக்கிக்கொள்ளும். அவர் கீபோர்டில் அதே இடங்களில் இசட், க்யூ, எஸ், டி இருக்கின்றன. இடமாகக் கேட்டால் அவர் கவலையே படாமல் விளையாடுவார். எண் வரிசையும் அப்படித்தான். பிரெஞ்சு கீபோர்டில் ஷிஃப்ட் இல்லாமல் 1-ஐ அழுத்தினால் ‘&’ தான் விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயுதம் மாற்ற வைத்திருந்தால் ‘கோட்’ மட்டும்தான் கைகொடுக்கும்.

ஆனால் அவருக்குத் திரையில் என்ன எழுதிக் காட்டுவது? ‘டபிள்யூ-வை அழுத்து’ என்றால் அவர் தேடிப் போய் வேறு விசையை அழுத்துவார். அந்த இடத்தில் அவருக்கு என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டு வாங்க ‘கெட்லேயவுட்மேப்’ என்று ஒரு வழி உண்டு. குரோம், எட்ஜ் வகையறாவில் மட்டும்தான் வேலை செய்யும். பயர்பாக்ஸும் சஃபாரியும் தரவில்லை. நான் பெரும்பாலும் எழுத்தைச் சொல்லாமல், விசைகளின் படத்தைப் போட்டு விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் வீட்டுப் பிரச்சினை. கன்ட்ரோலோடு ‘கே’ அழுத்தினால் தேடல் பெட்டி திறக்கும் என்று பல பக்கங்களில் இருக்கிறது. ‘கீ’-ஐ வைத்து எழுதியிருக்கிறார்கள், சரிதான், பொருளைக் கேட்பதுதான் முறை. ஆனால் தமிழ்99-இல் தட்டிக்கொண்டிருக்கும்போது அந்த விசைக்குப் பெரும்பாலும் ‘ம’ என்று வரும். இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு லேயவுட்டில் ‘க’. தேடல் திறக்காது. ரஷ்யர்களுக்கும் கிரேக்கர்களுக்கும் இதே கதை, சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டவருக்கு மட்டும் தெரியாது. அப்படியானால் எல்லா ஷார்ட்கட்டையும் ‘கோட்’-இல் எழுதிவிடலாமா என்றால், ஆங்கிலத்தையே டிவோராக் லேயவுட்டில் தட்டுகிறவரை ஏமாற்றிவிடுவோம். அவருக்கு ‘கே’ வேறு இடத்தில் இருக்கிறது.

நான் செய்வது இது. முதலில் ‘கீ’-ஐப் பார்க்கிறேன். அது ஆங்கில எழுத்தாக இருந்தால் அதன் சொல்லே முடிவு, ‘கோட்’-ஐக் கேட்பதே இல்லை. ஆங்கில எழுத்தாக இல்லாவிட்டால் மட்டும் ‘கோட்’-இடம் போகிறேன். டிவோராக் ஆள் முதல் படியிலேயே தப்பிவிடுகிறார், தமிழ் ஆளுக்கு இரண்டாவது படி வழி திறக்கிறது. நான்கு வரிதான். ஷார்ட்கட்டுக்கு இதற்கு மேல் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த ஷார்ட்கட்டை மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸில் ஐரோப்பிய கீபோர்டுகளின் ஆல்ட்ஜிஆர் விசை அந்தச் சேர்க்கையாகத்தான் வரும். போலந்துக்காரர் தன் சொந்த எழுத்தைத் தட்டப் போக, நீங்கள் ஏதோ பெட்டியைத் திறந்து வைப்பீர்கள். புதிய டேப், புதிய ஜன்னல், டேப் மூடல் போன்ற பிரவுசரின் சொந்த ஷார்ட்கட்டுகளையும் விட்டுவிடுங்கள். சாதாரண டேபில் குரோம் அவற்றைப் பக்கத்துக்குக் கொடுப்பதில்லை.

அரட்டைப் பெட்டியில் என்ட்டர் அழுத்தினால் செய்தி போக வேண்டும் என்பது எல்லோரும் ஒரு நாள் எழுதும் நிரல். ‘கீ’ என்ட்டராக இருந்தால் அனுப்பு. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டுகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘வணக்கம்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார், கீழே பரிந்துரைப் பட்டியல் விரிகிறது, வேண்டிய சொல்லை என்ட்டர் தட்டித் தேர்கிறார். அந்த என்ட்டர் பட்டியலுக்கானது. நம் நிரல் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு அரைகுறைச் செய்தியை அனுப்பிவிடுகிறது. ஜப்பானியர்களும் சீனர்களும் இதை ஆண்டாண்டாகச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இதற்கு ‘ஈஸ்கம்போசிங்’ என்ற குணம் இருக்கிறது. சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தால் அது உண்மை என்று வரும், அப்போது என்ட்டரைக் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் சஃபாரியில் சொல்லை முடிக்கும் அந்த என்ட்டர், முடிந்துவிட்டது என்ற அறிவிப்புக்குப் பிறகு வந்து சேர்கிறது. ‘ஈஸ்கம்போசிங்’ பொய் என்று சொல்லிவிடும். அங்கே காப்பாற்றுவது காலாவதியான ‘கீகோட்’ தான்: அந்த என்ட்டருக்கு 13 வராமல் 229 வரும். உள்ளீட்டு மென்பொருள் இந்த விசையை எடுத்துக்கொண்டது என்று விண்டோஸ் காலத்திலிருந்தே அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும், ‘ஈஸ்கம்போசிங்’ உண்மை அல்லது ‘கீகோட்’ 229 என்றால் திரும்பிப் போய்விட வேண்டும். நிரலைத் திருத்துகிற நண்பர் காலாவதியான குணத்தை ஏன் வைத்திருக்கிறாய் என்று நிச்சயம் கேட்பார். பக்கத்தில் ஒரு கமென்ட் எழுதி வைத்துவிடுங்கள்.

229 இன்னொரு இடத்திலும் மொய்க்கும்: ஆண்ட்ராய்டு போனின் திரைக் கீபோர்டு. குரோமில் எந்த எழுத்தைத் தட்டினாலும் பெரும்பாலும் ‘கீகோட்’ 229, ‘கீ’ அடையாளம் தெரியாதது என்று வரும். போனில் விசை என்று ஒன்றே இல்லை, யோசித்தால் நியாயம்தான். விரலால் இழுத்துச் சொல் எழுதுகிறார்கள், பரிந்துரையைத் தொடுகிறார்கள், மைக்கில் பேசுகிறார்கள். இதில் எதை விசை அழுத்தம் என்பது? பெட்டியில் என்ன எழுதப்பட்டது என்பது உங்கள் கேள்வி என்றால், கீபோர்டு ஈவென்ட்டுகளை மறந்துவிடுங்கள். ‘இன்புட்’ ஈவென்ட்டைக் கேட்டு, பெட்டியின் மதிப்பைப் படியுங்கள். ஒட்டினாலும் பேசினாலும் அது வரும்.

எழுத்து விழும் முன்பே தடுக்க வேண்டும் என்றால் ‘பிஃபோர்இன்புட்’. பயர்பாக்ஸ் 2021-இல் 87-ஆம் பதிப்பில் சேர்த்த பிறகு எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் கிடைக்கிறது. என்ன நடக்கப் போகிறது, எழுத்துச் சேர்ப்பா, பின்னழிப்பா, ஒட்டலா என்பதை ‘இன்புட்டைப்’ என்ற பெயரில் சொல்லும். ஆனால் உருவாகிக்கொண்டிருக்கும் சொல்லை அதனால் தடுக்க முடியாது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலான தட்டச்சு அந்த வகையில்தான் வரும், அதனால் இதை மட்டும் நம்பி ஒரு வேலி கட்டாதீர்கள்.

எண் மட்டும் தட்ட வேண்டிய பெட்டியைப் பாருங்கள். 48 முதல் 57 வரை விடு, மற்றதைத் தடு என்று இன்னமும் எழுதுகிறார்கள். தடுத்ததில் ஒட்டலுக்கான கன்ட்ரோல்-வி மாட்டிக்கொள்ளும், டேப் மாட்டிக்கொள்ளும், வலது பக்க எண்பலகை மாட்டிக்கொள்ளும், அதற்கு எண்கள் 96-இலிருந்து. வேண்டாம். ‘இன்புட்மோட்’ பண்பில் எண் என்று போட்டால் போனில் எண்பலகையே திறக்கும். தவறான எழுத்து வந்தால் ‘இன்புட்’-இல் பார்த்துச் சொல்லிவிடலாம், தட்டவே விடாமல் கையைப் பிடிக்க வேண்டியதில்லை. பேச்சோடு பேச்சாக: ‘கீடவுன்’-ஐ எண்ணி எத்தனை எழுத்து என்று காட்டுகிற வேலை தமிழுக்கு ஆகவே ஆகாது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு. பெட்டியின் நீளத்தை அப்படியே எடுத்தாலும் தப்பாகத்தான் இருக்கும்.

விசையைப் பிடிக்கவே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு, பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. தேடல் பெட்டியில் என்ட்டருக்காகக் காத்திருப்பதை விட அதை ஒரு ஃபார்முக்குள் வைத்து ‘சப்மிட்’-ஐக் கேட்டால், போன் கீபோர்டின் தேடு பொத்தான், என்ட்டர், திரையில் இருக்கும் பொத்தான் எல்லாம் ஒரே வாசலில் வந்து நிற்கும். ‘டிவ்’ என்ற வெறும் கட்டத்தைப் பொத்தான் மாதிரி அலங்கரித்து அதற்கு என்ட்டரையும் ஸ்பேஸையும் தனியாகக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில் உண்மையான பொத்தானைப் போடலாம். கன்ட்ரோல் எதுவும் இல்லாமல் ஒற்றை எழுத்தில் ஷார்ட்கட் வைப்பவர்களுக்கு டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் வழிகாட்டி ஒரு நிபந்தனை போடுகிறது: பயனர் அதை நிறுத்தவோ மாற்றவோ வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் அது வேலை செய்ய வேண்டும். குரலால் கணினியை இயக்குகிறவர் பேசும் ஒரு சொல், நம் பக்கத்தில் ஐந்தாறு ஷார்ட்கட்டாக வெடிப்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கோ ஒற்றை எழுத்துகள் பலவும் நம் பக்கத்தை எட்டுவதே இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் ‘எச்’ அழுத்தினால் அது அடுத்த தலைப்புக்குப் போய்விடும்.

நூலகக் கதைக்கு வருகிறேன். அங்கே கேள்வி இடம் பற்றியது. ஸ்கேனர் அனுப்புவதே இடத்தைத்தான். அதனால் ‘கீடவுன்’-இல் ‘கோட்’-ஐ எடுத்து அதன் கடைசி எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போய், என்ட்டர் வந்ததும் முடித்தேன். ஸ்கேனர் தட்டும் வேகம் மனித விரலுக்கு வராது, அதனால் இரண்டு விசைகளுக்கு நடுவே 50 மில்லிவினாடிக்கு மேல் போனால் சேர்த்ததைத் தூக்கி எறியச் சொன்னேன். ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. டெக்ஸ்ட் பெட்டிக்குள் ஃபோகஸ் இருக்கும்வரை தமிழ் உள்ளீட்டு மென்பொருள் தன் எழுத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது, 229 வந்துவிட்ட பிறகு, வழக்கமான வேலையைச் செய்யாதே என்று பிரவுசரிடம் சொல்லும் ‘பிரிவென்ட்டிஃபால்ட்’ சொல்லியும் கேட்கவில்லை. டெக்ஸ்ட் பெட்டியை எடுத்துவிட்டு, ‘ஸ்கேன் செய்யவும்’ என்று எழுதிய வெறும் கட்டம் ஒன்றை வைத்து, உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததும் ஃபோகஸ் தானாக அங்கே போகும்படி செய்தேன். எழுத்து எழுத இடமே இல்லாததால் உள்ளீட்டு மென்பொருள் ஒதுங்கிக்கொண்டது. ஆங்கிலமோ தமிழோ, இப்போது எது இருந்தாலும் ஸ்கேன் ஆகிறது. லேபிள் கிழிந்த புத்தகத்துக்குக் கையால் எண்ணைத் தட்ட மட்டும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

எல்லாம் முடித்துக் கிளம்பும்போது நூலகத்து அம்மா கேட்டார், “அந்த பி, கே எதுக்கு சார் முன்னாடி? வெறும் நம்பர் போதாதா?” போதும். தமிழ்99-இல் இலக்கங்கள் இலக்கங்களாகவே விழும். அடுத்து அச்சடித்த லேபிள் ரோலில் எழுத்துகள் இல்லை.